ஏட்டையா வீட்டுச் செம்பு

தென்காசியில் இறங்கியபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சீசன் நேரம். என்னோடு இறங்கியவர்கள் எல்லாரும் தோளில் துண்டும் பையில் எண்ணெய்ப் பாட்டிலுமாக அருவியில் குளிக்க வந்தவர்கள். நான் அப்பாவைக் கரைக்க வந்திருந்தேன்.

சரக்குக் கப்பலில் எலக்ட்ரீசியன் வேலை எனக்கு. அப்பா இறந்த செய்தி வந்தபோது கப்பல் நடுக்கடலில் நின்றது. அடுத்த துறைமுகத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்றால் எனக்கு மாற்று ஆள் வந்து சேரவில்லை. அதற்கடுத்த துறைமுகத்திலும் வரவில்லை. தம்பி திருமலைதான் கொள்ளி வைத்தான். "நீ வந்து கரைக்கதுக்கு அஸ்தியை வச்சிருக்கேண்ணே. மூத்தவன் கரைக்காம அப்பா போகமாட்டாவ" என்று போனில் சொன்னான். ஒன்றரை மாதம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன்.

ரயில் வழியில் எங்கோ படுத்துக் கிடந்துவிட்டு மத்தியானத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது. திருமலை நெல் மூட்டை ஏற்றும் தன் குட்டியானை வண்டியோடு வாசலில் நின்றான். மொட்டை போட்ட தலையில் முடி முள்முள்ளாக வளர்ந்திருந்தது. பெட்டியை வாங்கிப் பின்னால் போட்டவன், வீடு இருக்கும் மேலகரத்துப் பக்கம் திரும்பாமல் செங்கோட்டை ரோட்டில் வண்டியை விட்டான்.

"எங்கலே போற?"

"பார்டருக்கு. சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போவோம்ணே."

"செண்பகம் சமைச்சிருப்பாள்ளா?"

"அவ சமைக்கல."

செண்பகம் அவன் மனைவி. வீட்டுக்கு வருகிற ஆளைச் சாப்பிடச் சொல்லாமல் இருக்கத் தெரியாதவள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பசியில் உறைக்கவில்லை.

எங்கள் கப்பல் சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர். தங்கமான மனுஷன். ஆனால் எதைச் செய்தாலும் அதில் கொஞ்சம் சர்க்கரை போட்டுவிடுவார். மாதக்கணக்காக இனிப்புக் குழம்பைத் தின்ற நாக்குக்கு, பிரானூர் பார்டரில் கல்லில் தட்டி அடுக்குகிற பரோட்டாவின் வாசனையே போதுமாக இருந்தது. தம்பி நாட்டுக்கோழி சொல்லப் போனான். நான் தடுத்தேன்.

"கோழி வேண்டாம்லே. சும்மா சால்னா போதும். நாளைக்குக் கரைக்கணும்லா."

அவன் பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தான். ஒரு வாய் வைக்கவில்லை. இலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"செம்பு களவு போயிட்டுண்ணே."

"எந்தச் செம்பு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் எந்தச் செம்பு என்று தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கம் அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். சுடுகாட்டில் இருந்து மண்கலயத்தில் எடுத்துவந்து புறவாசலில் விறகுப்புரை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். நான் வரத் தாமதம் ஆக ஆக மழை பிடித்துக்கொண்டது. புரை ஒழுகிக் கலயம் ஈரத்தில் ஊறியது. உடைந்துவிடுமோ என்று பயந்து, தென்காசி பஜாரில் மூடி போட்ட செப்புச் செம்பு ஒன்று புதிதாக வாங்கி அதில் மாற்றியிருக்கிறான். கடையிலேயே அப்பாவின் பேரை வெட்டி வாங்கினானாம். "அன்பளிப்பா, யாரு குடுக்கதா போடணும்?" என்று கடைக்காரர் கேட்டாராம்.

பேர் வெட்டச் சொன்னது அப்பாதான் என்று சொல்ல வேண்டும். அவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். களவு வழக்குகளோடுதான் அவர் காலம் போனது. மீட்ட பாத்திரங்கள் ஸ்டேஷன் பின்கட்டில் குவிந்து கிடக்கும். எந்த அண்டா எந்த வீட்டு அண்டா என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. பேர் வெட்டியது மட்டும் வீடு திரும்பும். அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிப் பார்ப்பார். "பேரு இல்லாத பாத்திரம் அநாதைப் பொணம் மாதிரி, கேட்டியா" என்பார். எங்கள் வீட்டில் இட்லித் தட்டின் முதுகில்கூட அவர் பேர் உண்டு.

போன வாரம் ஆய்க்குடியில் செண்பகத்தின் அம்மாவுக்கு மேலுக்கு முடியவில்லை என்று எல்லாரும் போய் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் புறவாசல் கதவு கம்பியால் நெம்பப்பட்டுத் திறந்து கிடக்கிறது. தண்ணீர் மோட்டார், குத்துவிளக்கு, இரண்டு அண்டா எல்லாம் போயிருந்தன. பீரோவைத் தொடவில்லை, டிவியைத் தொடவில்லை. செம்பும் பித்தளையும்தான் குறி. போகிற போக்கில் விறகுப்புரையில் பளபளவென்று தொங்கியதையும் எடுத்துக்கொண்டான்.

"ஒனக்குப் போன்ல சொல்ல வாய் வரலண்ணே. ஒரு நேரம் அடுப்புச் சாம்பலை அள்ளி வேற செம்புல கட்டி வச்சிரலாமான்னுகூட நெனச்சேன். ஒனக்குத் தெரியவா போகுதுன்னு. பொறவு அப்பா மூஞ்சி ஞாபகம் வந்துட்டு."

நான் கத்திவிட்டேன். என்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. அவன் சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்குவதுபோல் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். பக்கத்து மேஜையில் மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஐந்தருவியில் கூட்டம் குறைச்சலா, பழைய அருவியில் குறைச்சலா என்று பேசிக்கொண்டிருந்தது. என் சத்தத்தில் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தது.

வீட்டு வாசலில் செண்பகம் நின்றாள். "எங்கம்மா ஒரு நாள் பொறுத்து சீக்காப் படுத்திருக்கக் கூடாதா அத்தான்" என்றாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. அவளிடம் கோபப்பட முடியவில்லை. புறவாசலுக்குப் போனேன். உத்திரத்தில் கயிறு இன்னும் தொங்கியது. அறுக்கவில்லை, நிதானமாக முடிச்சை அவிழ்த்திருந்தான். கப்பல்காரன் கண்ணுக்கு அது முதலில் பட்டது. அவசரப்படாத களவாணி என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையை நெருங்கும்போது கடல்கொள்ளையருக்குப் பயந்து கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டுவோம். முறைபோட்டுக் காவல் நிற்போம். கரையில் எனக்கு ஒரே ஒரு தடவைதான் களவு போயிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே ஒருவன் கத்தியைக் காட்டிப் பர்ஸையும் கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டான். பர்ஸைப் பிரித்து, கப்பல் அடையாள அட்டையை மட்டும் என் கையில் திருப்பிக் கொடுத்தான். "இது இல்லாமல் உன்னை உள்ளே விடமாட்டார்கள், சகோதரா" என்றான். அதைக் கதையாகச் சொல்லிச் சொல்லிக் கப்பலில் பலமுறை சிரித்திருக்கிறேன். அன்று விறகுப்புரையில் நின்றபோது அந்தக் கதை கசந்தது.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனோம். "ஏட்டையா வீட்டுலயா?" என்று இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அவர்களுக்கு அதைவிட. தம்பி கொடுத்த புகாரில் 'செம்பு ஒன்று' என்றுதான் இருந்தது. அதற்குள் அஸ்தி இருந்தது என்று அவன் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை என்றான். எழுதும் மேஜையில் இருந்த பெண் போலீஸிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"மதிப்பு போடணும் சார். செம்புக்குப் போட்டுருதேன். மத்ததுக்கு என்ன போட?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. செம்புக்கு மட்டும் போடச் சொன்னேன்.

வெளியே வரும்போது மெதுவாகச் சொன்னாள். "நாங்க தேடுதோம். ஆனா பழைய பாத்திரம் எடுக்கிற கடையெல்லாம் நீங்களும் ஒரு எட்டு பாத்துருங்க. உருக்கப் போறதுக்கு முந்தி."

தென்காசியில் சீசன் நேரத்தில் ஒரு காரியமாக அலைவது பெரிய சோதனை. கேரளா வண்டிகள், சென்னை வண்டிகள், நடு ரோட்டில் நிறுத்திப் பலாப்பழம் பேரம் பேசுகிறவர்கள். பாதி வழியில் குட்டியானை பஞ்சர் ஆனது. ஸ்டெப்னியும் பஞ்சர். அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி கோபம் வந்தது. நேற்றே போதுமான அளவு திட்டியாகிவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்தோம். கோயில் கோபுர வாசலைக் கடக்கும்போது அங்கே எப்போதும் அடிக்கிற காற்று வேட்டியைத் தூக்கியது. அப்பா தோளில் உட்கார்ந்து அந்தக் காற்றுக்கு வாயைத் திறந்து வைத்திருந்தது ஞாபகம் வந்தது. அங்கேயே நிற்க வேண்டும்போல் இருந்தது. நிற்கவில்லை.

கடைகளில் பழைய பாத்திரங்கள் சாக்குச் சாக்காகக் கிடந்தன. அண்ணனும் தம்பியும் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். எத்தனை பேர்கள். பேச்சியம்மாள். சு. வேலு, கீழப்பாவூர். கமலா கல்யாணத்துக்கு அத்தை. யாரோ ஒரு அத்தை ஆசையாக வெட்டிக் கொடுத்தது சாக்கில் நசுங்கிக் கிடந்தது. சாயங்காலம் கைகளில் களிம்பு வாடை அடித்தது. செண்பகம் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைத்திருந்தாள். எனக்குப் பிடித்த சாப்பாடு. கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் அந்த வாடை சோற்றோடு வந்தது.

அதற்கு மறுநாள், ஆய்க்குடி ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு கடையில் கிடைத்தது. திருமலைதான் எடுத்தான். திருப்பினான். 'செ. குத்தாலிங்கம்' என்று அப்பா பேர் இருந்தது. என்னிடம் நீட்டினான்.

மூடி இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை. உள்ளும் புறமும் கண்ணாடியாக மின்னியது. விரலை விட்டுத் தடவி மோந்து பார்த்தேன். புளி வாசனை.

கடைக்காரர் வயசாளி. முதலில் எங்கே வாங்கினது என்று தெரியாது என்றார். என்ன இருந்தது என்று சொன்னதும் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

"ஒரு பய சைக்கிள்ல கொண்டாந்தான் அண்ணாச்சி. மேல ஒரு கந்தல் சட்டை, யாரு என்னன்னு தெரியாது. இது ஒண்ணுதான் கொண்டாந்தான். இந்த மாதிரி விளக்கி எவனும் கொண்டாரமாட்டான். எடை போடுற சாமானை எதுக்குடே வெளக்குதன்னு கேட்டேன். துட்டை வாங்கிட்டுப் போயிட்டான்." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "எடுத்துட்டுப் போயிருங்க. கேஸு கீஸுன்னு என்னை இழுக்காதிங்க. நான் பிள்ளைகுட்டிக்காரன்."

சாட்சிச் சாமானை அப்படி எடுத்துக்கொண்டு வருவது முறையில்லை என்று ஏட்டின் மகனுக்குத் தெரியும். அப்பா இருந்தால் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லாமல் கை வைத்திருக்க மாட்டார். நான் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

கொஞ்ச தூரம் வந்ததும் திருமலை வண்டியை வயல் ஓரமாக நிறுத்தினான். இறங்கி வரப்பில் உட்கார்ந்தான்.

"எங்க கொட்டுனானோண்ணே. சாக்கடையில கொட்டிருப்பான். குப்பையில கொட்டிருப்பான்."

"அழாதலே."

"நான் மண்கலயத்துலயே விட்டிருந்தா அந்தச் சவத்துப்பய தொட்டிருக்கவே மாட்டான். நல்லது செய்யுதேன்னு நான்தான் காட்டிக் குடுத்துட்டேன்."

அவன் சொன்னது உண்மைதான். பக்கத்தில் உட்கார்ந்தேன். நாற்று நட்டு முடித்த வயல்களில் தண்ணீர் நின்றது. குற்றாலத்து மலை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. இரண்டு பேரும் அழுதோம். அப்பா இறந்து நாங்கள் சேர்ந்து அழுதது அப்போதுதான்.

கரைக்க ஒன்றுமில்லை என்றாலும் எள்ளும் தண்ணீருமாவது விட்டுவிட்டுக் கப்பலுக்குப் போகலாம் என்று தோன்றியது. மறுநாள் விடிந்ததும் குற்றாலத்துக்குப் போனோம். செம்பை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டேன். மெயின் அருவியில் வெள்ளம் பொங்கி, பாதுகாப்பு எல்லையாகக் கட்டிய ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. குளிக்கத் தடை. கயிறு கட்டி விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். குளிக்காமல் காரியம் செய்யக்கூடாது என்று திருமலை ஐந்தருவிக்கு ஓட்டினான். அங்கே ஊரே நின்றது. வரிசையில் நின்று தலையை நனைத்தோம். தண்ணீர் முதுகில் அறைந்தது. எண்ணெய் மினுங்கும் தொப்பைகளுக்கு நடுவில், பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில், நான் அழுவது எனக்கே தெரியவில்லை. அது ஒரு வசதியாகத்தான் இருந்தது.

வெளியே மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து விற்றார்கள். காரியத்துக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்பை வண்டி மேல் வைத்துவிட்டு வேட்டியைப் பிழிந்தேன். ஒரு குரங்கு வந்து சீப்பை அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்கூரையில் ஏறி, என்னைப் பார்த்துக்கொண்டே உரித்தது.

"எல்லாவனும் நம்மகிட்டதான் வாரான்" என்றான் திருமலை. ஊருக்கு வந்து அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன். வேறு சீப்பு வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

மெயின் அருவிக்குக் கீழே ஆற்றங்கரையில் திதி கொடுப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குளிக்கத்தான் தடை; கரையில் உட்கார்ந்து தண்ணீர் விடத் தடையில்லை. குடை பிடித்தபடி ஓர் ஐயர் இடம் காட்டினார். இலை விரித்தார். நான் பையில் இருந்து செம்பை எடுத்து வைத்தேன்.

ஐயர் எள்ளை எடுத்த கையை அப்படியே நிறுத்தினார். செம்பையே பார்த்தார்.

"இந்தச் செம்பு இங்க வந்துட்டுப் போனதாச்சே."

"எப்ப சாமி?" என்றான் திருமலை.

"போன வாரம். விடிஞ்சும் விடியாம ஒருத்தன் தனியா வந்து நின்னான். அஸ்தி கரைக்கணும்னான். கூட யாருமில்ல. வேட்டி இல்ல, போட்ட டவுசரோட முங்கிட்டு நடுங்கிண்டு உக்காந்தான். தோப்பனார் பேரு என்னப்பான்னு கேட்டேன். செம்பைத் திருப்பிப் பாத்து, எழுத்துக்கூட்டி வாசிச்சான். குத்தாலிங்கம்னு. பெத்த அப்பன் பேரை ஒருத்தன் செம்பைப் பாத்துச் சொல்லுவானோ? துக்கத்துல புத்தி பேதலிச்சிருக்கும்னு நெனச்சேன்."

நான் ஐயர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"முறையாக் கரைச்சானா?" என்று கேட்டேன்.

"நான் சொன்னதெல்லாம் செஞ்சான். பாலு ஊத்தி, பூப் போட்டு, அந்தப் படியில இறங்கி இடுப்பளவு தண்ணியில நின்னு விட்டான். நீ மூத்தவனா இளையவனான்னு கேட்டேன். மூத்தவன்னான். திரும்பிப் பாக்காமப் போப்பான்னேன். திரும்பிப் பாக்கல."

"செம்பை?"

"அதையும் ஆத்துல விட்டுருன்னேன். அது மட்டும் மாட்டேன்னுட்டான்."

திருமலை சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. படியில் தலையை வைத்து, "சாக்கடையில கொட்டலண்ணே, அங்கன கொட்டல" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அவன் முதுகில் கை வைத்திருந்தேன். ஐயருக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததைச் சொன்னதும் ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவனை மன்னித்துவிட்டேனா என்றால் இல்லை. மோட்டார் இன்னும் கிடைக்கவில்லை. நான் ஒன்றரை மாதம் காத்திருந்து, கடல் தாண்டி வந்தது அந்தப் படியில் இறங்கி நிற்கத்தான். அந்த இடத்தில் ஒரு களவாணி நின்றுவிட்டான். அதை அவன் திருப்பித் தர முடியாது. ஆனால் செம்புக்குள் என்ன இருந்தது என்று தெரிந்ததும் அவன் போட்டுவிட்டு ஓடவில்லை. ஆளில்லாத வேளை பார்த்து ஆற்றுக்குக் கொண்டுவந்திருக்கிறான். பேர் கேட்டபோது அப்பாவை அநாதையாக விடவில்லை. அவனிடம் கோபமும் நன்றியும் ஒன்றாக வந்தன, எதை முதலில் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

"மறுபடி கரைக்கிறதுன்னு கிடையாது. ஒரு தடவைதான், அது ஆயாச்சு" என்றார் ஐயர். "நீங்க தண்ணி விடுங்கோ." தர்ப்பையை என் விரலில் மாட்டினார். திருமலை செம்பில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு என் மடியில் வைத்தான்.

"தோப்பனார் பேரு சொல்லுங்கோ. எனக்குத் தெரியும். இருந்தாலும் பிள்ளை வாயால வரணும்."

அப்பாவின் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பள்ளிக்கூடத்தில், பாஸ்போர்ட் ஆபீஸில், கப்பல் கம்பெனியில் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை. ஐயர் காத்திருந்தார். தண்ணீர் சிந்தாமல் செம்பை மெல்லத் திருப்பிப் பார்த்து, நானும் எழுத்துக்கூட்டித்தான் சொன்னேன்.